முன்வரிசைச் செற்றியில் எங்கள் பிள்ளைகள்

பிள்ளைகளே, இது போன வருஷம், கச்சான் காற்று அனலாய் அடித்த ஒரு சனிக்கிழமை நடந்தது. மட்டக்களப்பு நகரத்தில் வாவியைப் பார்த்தபடி இருக்கிற ஒரு மண்டபத்தில் பிராந்திய நூலகர் மாநாடு. காலையில் எழுத்தாளர்களின் பேச்சு, பின்னேரம் பயிற்சிப் பட்டறை. நான் நூலகர் இல்லை. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் இருக்கிற எங்கள் ஊர் நூலகத்தைத் திறந்து பூட்டி, கூட்டித் துடைத்து, புத்தகம் அடுக்குகிற தற்காலிக ஊழியன். சாதாரண தரத்துக்கு மேல் படிக்கவில்லை. நிரந்தர நியமனம் வரும் வரும் என்று காத்திருந்த நேரம் அது. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். அன்றைக்கு எனக்குப் பயம் வந்தது அதனால்தான்.

மாநாட்டுக்கு எங்கள் வாசிப்பு வட்டத்துப் பிள்ளைகளையும் கூட்டி வரச் சொல்லியிருந்தார்கள். பேச வருகிறவர் சிறுவர் கதை எழுதுகிற ஓர் அம்மா. அவருடைய புத்தகம் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பிள்ளைகள் மாறி மாறி எடுத்துப்போய் அதன் அட்டையே கழன்று போயிருந்தது. “நேரில பாக்கலாம், கேள்வியும் கேக்கலாம்” என்று நான் அவர்களுக்கு வாக்குக் கொடுத்தேன். என்ன கேட்பது என்று வான் வண்டிக்குள் வழிநெடுகச் சண்டை. என் மகளும் அதற்குள் ஒருத்தி.

போய் இறங்கிய பிறகுதான் விளங்கியது, எங்களைக் கூப்பிட்டது வரவேற்புக்கு என்று. நம்முடைய விழாக்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே? பிரமுகர் வருகிற பாதையின் இரண்டு பக்கமும் பிள்ளைகளை நிறுத்தி, கையில் கடதாசிக் கொடியைக் கொடுத்து விடுவார்கள். பிரமுகர் பிந்தித்தான் வருவார். அன்றும் பிந்தினார். வேறொரு ஊரிலிருந்து பாண்ட் அடிக்க வந்த பிள்ளைகள், கழுத்தில் மேளத்தோடு வெயிலில் வெந்துகொண்டு நின்றார்கள். கடைசியில் வாகனங்கள் வந்தன, மேளம் முழங்கியது, கொடிகள் ஆடின, பெரியவர்கள் உள்ளே போனார்கள். கதவு சாத்தப்பட்டது.

ஏற்பாட்டுக்குப் பொறுப்பான அதிகாரி ஒருவர் என்னிடம் வந்தார்.

“தம்பி, பிள்ளைகளின்ட வேலை முடிஞ்சிது. தின்னப் பணிசும் குடிக்கிறதும் இரிக்கு. குடுத்து வான்ல ஏத்துங்க.”

“சேர், இவங்க வேலைக்கு வரல்ல. பேச்சுக் கேக்க வந்தவங்க.”

“உள்ள கதிரை இல்ல. நூலகர்மாருக்கே காணாது. பிள்ளைகள் சத்தமும் போடுவாங்க. நீங்க மட்டும் உள்ள வாங்க.”

அவர் போனதும் எங்கள் கூட்டத்தில் வாய்க்காரியான ஒரு பிள்ளை கேட்டாள்: “மாமா, இவ்வளவு நேரம் வெயிலுக்க நிண்டமே, சத்தம் போட்டமா?” என் மகளோ என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“இரிங்க, வாறன்” என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். விளக்கேற்றி முடிந்திருந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் நூலகப் பக்கமே வருவதில்லை என்று பிரமுகர் கவலையோடு பேசிக்கொண்டிருந்தார். பேசி முடித்தார், பொன்னாடையை வாங்கினார், வேறு நிகழ்வு இருக்கிறது என்று புறப்பட்டார். அவரோடு வந்த அத்தனை பேரும் பின்னாலேயே புறப்பட்டார்கள். இதுவும் வழக்கம்தான்.

இப்போது மண்டபத்தைப் பாருங்கள். பின்னால் நூலகர்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறார்கள், சிலர் சுவரில் சாய்ந்து நிற்கிறார்கள். முன்னால், வெள்ளைத் துணி விரித்த மெத்தைச் செற்றிகள் வரிசையாக வெறுமனே கிடக்கின்றன. ஒருவரும் முன்னுக்கு வரவில்லை. எழுத்தாளர் அம்மா ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து நின்று அந்த வெறும் செற்றிகளைப் பார்க்கிறார்.

நான் வெளியே போனேன். “வாங்க. ஒருத்தரும் குனிஞ்சு நடக்கக் கூடா. நேரா நடங்க” என்றேன். நடுப்பாதையால் கூட்டிக்கொண்டு போய், முன்வரிசைச் செற்றிகளில் எல்லாரையும் இருத்தினேன். சின்னவர்களுக்குக் கால் நிலத்தில் எட்டவில்லை.

அதிகாரி ஓடி வந்தார். “என்ன வேலை பாக்கிறீங்க? ஒழுப்புங்க பிள்ளைகள! அது பிரமுகர்மாருக்கு வெச்ச இடம்.”

“அவங்க போயிட்டாங்களே, சேர்.”

“போனாலும் அது அவங்கட இடம்!”

பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. குனிந்து என் காதருகில் சொன்னார்: “உங்கட நியமனம் இன்னும் என்ட மேசையாலதான் போகணும். யோசிச்சு நடங்க.”

யோசித்தேன். பொய் சொல்லமாட்டேன், பயந்துதான் போனேன். அந்த நியமனத்தை நம்பியிருக்கிற வீட்டுக்காரி ஞாபகத்துக்கு வந்தாள். ஆனால் திரும்பினால் மகளின் முகம். “சேர், நான் ஒழுப்ப மாட்டன். ஒழுப்புறதெண்டா நீங்களே ஒழுப்புங்க. ஏனெண்டும் நீங்களே சொல்லுங்க” என்றேன். மெதுவாகத்தான் சொல்ல நினைத்தேன். மண்டபம் முழுக்கக் கேட்டுவிட்டது.

அவர் பிள்ளைகளைப் பார்த்தார். பிள்ளைகள் அவரைப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பின்வரிசையில் இருந்த நூலகர் ஒருவர், முக்காடு போட்ட ஒரு தங்கச்சி, எழும்பினார். “அப்ப எங்கட ஊர்ப் பாண்ட் பிள்ளைகள் மட்டும் என்ன பாவம் செஞ்சாங்க?” என்று சொல்லிக்கொண்டே வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் மேளங்களோடு அவர்களும் உள்ளே வந்து, மேடைக்கு முன்னால் நிலத்தில் இருந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு எழுப்புகிற கதைக்கே இடமில்லை.

பேச்சு முடிந்ததும் எங்கள் வாய்க்காரிதான் முதலில் எழும்பினாள். “உங்கட கதையில வாற பிள்ளைகள் ஒருத்தரும் ஏன் அம்மாவுக்குப் பொய் சொல்லுறல்ல?”

எழுத்தாளர் அம்மா சிரித்துவிட்டு, கொஞ்சம் யோசித்தார். “பயத்திலதான். புத்தகத்தைக் காசு குடுத்து வாங்குறது அம்மாமார்தானே” என்றார். அன்றைக்கு அந்த மண்டபத்தில் எழுந்த பெரிய சிரிப்பு அதுதான். பிறகு கேள்விமேல் கேள்வி. என் மகளும் ஒன்று கேட்டாள். கதையில் வருகிற ஆடு கடைசியில் என்ன ஆனது என்று. அந்த அம்மாவுக்கே அது தெரியவில்லை.

எனக்கு நியமனம் இன்னும் வரவில்லை. அதிகாரி தடுத்தாரா, இல்லை எல்லாருக்கும் போலப் பிந்துகிறதா, தெரியாது. “வாயை வெச்சுக்கொண்டு சும்மா இரிந்திருக்கலாமே” என்று சொன்னவர்கள் உண்டு. இரிந்திருக்கலாம்தான். ஆனால் நான் அதற்காக ஒரு நாளும் வருந்தவில்லை. நாளைக்கே இன்னொரு மாநாடு வந்தாலும் அப்படித்தான் நடப்பேன்.

உங்களுக்காக என்று சொல்லி நடத்துகிற காரியத்தில் உங்களையே வெளியே நிறுத்தினால், ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது பிள்ளைகளே. உங்களுக்கு வாய் வராத நேரத்தில் அதைக் கேட்பதற்குத்தான் தகப்பன் என்று ஒருவன் பக்கத்தில் நிற்கிறான்.