முதல் பிடிக் கொழுந்து

இந்த ஊரில் எனக்குப் பழகாதது குளிர் இல்லை. இலங்கை மலைநாட்டுத் தலவாக்கலைக்காரனிடம் வந்து குளிரைப் பற்றி யாரும் பேச வேண்டாம். மார்கழி மாதத்தில் தோட்டத்து வரிசை வீடான லயத்தின் வாசலில் கொட்டும் பீலித் தண்ணீரில் முகம் கழுவி வளர்ந்த உடம்பு இது. பழகாதது, தினமும் காலையில் நான் வேலைக்குப் போய் உட்கார்ந்ததும் ஒரு மெஷின் என்னைக் கேட்கும் கேள்விதான். கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் வந்து நிற்கும். இலையில் கொப்புளம் இருக்கிறதா என்று கேட்கும். இருக்கிறது என்று தட்டினால் சும்மா விடாது. நீ சொல்வது எவ்வளவு உறுதி, பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் ஓர் எண்ணைப் போடு என்று அடுத்த வரி வரும்.

நம் ஊரில் என்னிடம் யார் யாரோ கேள்வி கேட்டிருக்கிறார்கள். பேர் என்ன, எந்தத் தோட்டம், தகப்பன் எங்கே பிறந்தவன், நீ இலங்கையா இந்தியாவா என்று அரசாங்கக் கச்சேரியில் கேட்பார்கள். அதற்கு என்ன பதில் சொன்னாலும் முகத்தைப் பார்க்காமல் அடுத்தவனைக் கூப்பிடுவார்கள். உனக்கு எவ்வளவு உறுதி என்று ஒருத்தர்கூட கேட்டதில்லை. அதனால் முதல் வாரம் இந்த மெஷினின் மேல் எனக்கு ஒரு மரியாதையே வந்துவிட்டது. அடடா, நம் பேச்சுக்கும் ஒரு மதிப்புப் போடுகிறதே என்று பூரித்துப்போனேன். இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

நான் இங்கே வந்த கதை பெரிய கதை இல்லை. பள்ளிக்கூட விஞ்ஞான அறையில் கண்ணாடிக் குழாய் கழுவிக்கொண்டிருந்தவனை எங்கள் சபைப் போதகர் பிடித்து, இங்கிலாந்தின் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கூடப் பயிற்சிக்கு அனுப்பிவைத்தார். பயிற்சி முடிந்ததும் அங்கேயே ஒட்டிக்கொண்டேன். எண்பதுகள் அப்போதுதான் பிறந்திருந்தன. ஜப்பான்காரன் யோசிக்கிற மெஷின் செய்யப்போகிறான் என்று ஒரு பேச்சு கிளம்ப, இங்கே எல்லோருக்கும் பதற்றம் தொற்றிக்கொண்டது. அமெரிக்காக்காரன் ஏற்கெனவே நோயாளிக்கு மருந்து சொல்லும் மெஷின் வைத்திருக்கிறானாம். நாமும் விட்டுவிடக் கூடாது என்று அரசாங்கம் பணத்தைக் கொட்டியது. ஒரு நாடு ஓடினால் பக்கத்து நாடும் ஓடுகிறது. எதற்கு ஓடுகிறோம் என்று நின்று கேட்க யாருக்கும் நேரமில்லை. எங்கள் ஆய்வுக்கூடத்தின் பங்கு, தேயிலை நோயை மெஷினுக்குக் கற்றுக்கொடுப்பது. ஒரு தேயிலைச் செடிகூட முளைக்காத நாட்டில் இந்த வேலை நடந்தது.

அதற்கு முன்பெல்லாம் விஞ்ஞானி இலையைப் பார்ப்பார், யோசிப்பார், ஏதோ சொல்வார். இப்போது வயதான நிபுணர்களை உட்காரவைத்து, அவர்களுக்குத் தெரிந்ததையெல்லாம் 'இப்படி இருந்தால் இது' என்று கறந்து, மெஷினுக்குள் ஊற்றினார்கள். பிறகு அதைச் சோதிக்க இலைக் கணக்குகள், அதாவது எந்த இலையில் என்ன நோய் என்று எழுதிய தாள்கள் வேண்டும். அவை கென்யாவிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் எங்கள் மலைநாட்டிலிருந்தும் கட்டுக்கட்டாக வந்தன. நல்ல தூள் கப்பலேறிப் போய்விடும், எங்கள் லயத்து அடுப்புக்கு டஸ்ட்தான் மிஞ்சும். கணக்கும் அதே வழியில்தான் வந்தது. நிபுணத்துவம் எல்லாம் இங்கே தங்கியது. அங்கே என்ன மிஞ்சப்போகிறது என்று எனக்கு அப்போது தெரியாது.

ஒரு நாள் வந்த கட்டில் எங்கள் தோட்டத்தின் பெயர் இருந்தது. பார்த்ததும் அப்படியே எழுந்து நின்றுவிட்டேன். எங்கள் டிவிசனின் சோதனை மலை. தோட்டம் அரசாங்கத்துக்குக் கைமாறிய பிறகு, வெளிநாட்டு உதவியோடு மருந்துகளைப் பரீட்சை செய்ய ஒதுக்கிய மலை அது. அந்த மலையில்தான் என் அக்கா எஸ்தர் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போன பிறகு என்னைத் தூக்கி வளர்த்தவள். அவளும் மச்சானும் பிள்ளைகளும் இருந்த லயத்து ஒற்றை அறைக் காம்பரா, அந்த மலையில் வேலைக்கு அவள் பேர் பதிந்திருப்பதால் கிடைத்தது. பேர் போனால் காம்பராவும் போகும்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. எழுபதுகளின் பஞ்சம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மாவுக்கும் அரிசிக்கும் நாய்ப்பாடு பட்ட காலம். மரவள்ளிக்கிழங்கும் தீர்ந்து, காட்டுக் கீரையை அவித்துத் தின்றோம். அந்த நேரத்தில் யாரோ வந்து, இந்தியாவுக்குப் போனால் சோறாவது கிடைக்கும் என்று சொல்ல, மச்சான் இந்தியக் குடியுரிமைத் தாளில் கைநாட்டு வைத்துவிட்டார். வயிறு வைத்த கைநாட்டு அது. பிறகு பஞ்சம் தணிந்தது. பாஸ்போர்ட்டும் வந்து தகரப்பெட்டிக்குள் கிடந்தது. வேலை இருக்கிறவர்களை அவசரப்படுத்தவில்லை. வேலை போனால் முதலில் பெட்டி கட்ட வேண்டியவர்கள் இவர்கள்தான். தலவாக்கலை ஸ்டேசனிலிருந்து மன்னாருக்கும், அங்கிருந்து கப்பலுக்கும் ஆட்களைக் கொண்டுபோகும் ரயிலை நாங்கள் ஒப்பாரிக் கோச்சி என்போம். அந்தக் கோச்சியில் ஏறாமல் இருப்பதுதான் அக்காவின் வாழ்க்கையாக இருந்தது.

கணக்கையெல்லாம் நானே தட்டினேன். வருடக்கணக்கான இலைகள். மெஷின் கொஞ்சம் யோசித்தது. பிறகு எழுதியது: நோய் முற்றிய மலை, செடிகளைப் பிடுங்கிவிடலாம். அதற்குத் தன் உறுதியையும் பக்கத்தில் போட்டது. ஒன்றுக்கு மிக அருகில். எங்கள் குழுவின் தலைவி டாக்டர் மார்கரெட் கைதட்டினாள். மனிதர் யாரும் கைவைக்காமல் அது தானாகச் சொன்ன முதல் முழுத் தீர்ப்பு அது. எந்த மலையைப் பிடுங்கி எந்த மலையை வைத்துக்கொள்வது என்று தோட்டத்து நிர்வாகமும் கேட்டிருந்ததாம். உடனே அறிக்கையை அனுப்பிவைத்தார்கள். கேக் வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு வந்தது. தொடாமல் மேசையில் வைத்துவிட்டேன்.

தலவாக்கலை டவுனில் ஒரு கடையில் டெலிபோன் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அக்கா அந்தக் கடைக்குச் சாமான் வாங்க வருவாள். அந்த நேரம் பார்த்துப் போன் எடுத்தேன்.

"என்னாடா தம்பி, சாப்பிட்டியா? அங்க குளிரா?"

"குளிர விடுக்கா. மல எப்பிடி இருக்கு?"

"மலைக்கு என்னா? பச்சப்பசேல்னு நிக்குது. போன வாரம் கூடையே தாங்கல."

"கொழுந்துல கொப்புளம் இல்லியா?"

"முனி கல்லுகிட்ட உள்ள நாலஞ்சு செடியில கெடக்கும். அங்கிட்டு மருந்தும் அடிக்க மாட்டாங்க, கவ்வாத்து வெட்டவும் கத்திய கொண்டுபோக மாட்டாங்கல்ல. பொலிக் கொழுந்து மட்டும்தான் அதுல எடுப்போம்."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் மலை உச்சியில் ஒரு முனியாண்டி கல் இருக்கிறது. அதைச் சுற்றிய செடிகள் சாமியுடையவை. அவற்றில் கத்தி படக்கூடாது, மருந்து படக்கூடாது. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் கலைந்து மலையேறும் பெண்கள் முதல் பிடிக் கொழுந்தை அந்தச் செடிகளில் கிள்ளி, 'பொலியோ பொலி' என்று சொல்லிக் கூடையில் போட்டுவிட்டுத்தான் தங்கள் நிரைக்குப் போவார்கள். அன்றைய கூடை நிறைய வேண்டும் என்பதற்காக. நாங்கள் வேதக்காரர்கள். ஆனால் அக்காவும் போடுவாள். போதகர் ஒரு முறை கடிந்துகொண்டதற்கு, "ஐயா, இயேசு எங்களுக்கு, முனி மலைக்கு" என்று சொல்லிவிட்டு வந்தவள் அவள்.

"சரிக்கா, கண்டாக்கையா பையில போட்டு ஆராய்ச்சிக்கு அனுப்புறாரே, அது எந்தக் கொழுந்து?"

"அதுதான்டா அது! காலங்காத்தால வந்து நிப்பாரு. பனி எறங்குறதுக்கு முந்தி போகணும் அவருக்கு. கூடையில அப்ப வேற என்னா கெடக்கும்? பொலிக் கொழுந்த அள்ளிப் பையில போட்டுக்கிட்டுப் போயிருவாரு. சாமி கொழுந்துக்கு இம்புட்டு அவசரமான்னு நாங்க சிரிப்போம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தனை வருடமும் மலை மேற்பார்வைக்காரரான கண்டாக்கையா, அத்தனை பெண்களின் கூடையிலிருந்தும் அள்ளி அனுப்பிய இலை, மருந்தே காணாத அதே நாலைந்து செடிகளின் இலை. அந்த மெஷின் எங்கள் மலையைப் பார்க்கவே இல்லை. சாமியின் செடிகளைப் பார்த்துவிட்டு மலைக்கே தீர்ப்பு எழுதிவிட்டது.

மறுநாள் காலையில் மார்கரெட்டின் அறைக்குப் போனேன். என் ஆங்கிலம் பதற்றத்தில் தடுமாறும். அந்தச் செடிகள் எங்கள் சாமிக்கு உரியவை, முதல் பிடி சாமிக்குப் போகும் என்று ஆரம்பித்தேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "ஓ, பண்டிகையா? தாராளமாக வெள்ளிக்கிழமை லீவு எடுத்துக்கொள்" என்றாள். நல்லவள், அதில் சந்தேகமில்லை. நல்லவர்களுக்குப் புரியவைப்பதுதான் மிகவும் கஷ்டம். ஒரு தாளை எடுத்து மலையை வரைந்து, கல்லை வரைந்து, கூடையை வரைந்து காட்டிய பிறகு அவளுடைய முகம் மாறியது. விஷயம் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. வா, மெஷினிடம் சொல்வோம் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

மெஷினில் அதற்கென்று புது வரி ஒன்றைச் சேர்த்தாள். இலை எடுத்த இடம் சரியில்லை என்று சந்தேகம். உடனே பச்சை எழுத்து கேட்டது, எவ்வளவு உறுதி?

"ஒன்று" என்றேன்.

"ஒன்று போடக்கூடாது" என்றாள் மார்கரெட். "நீ கண்ணால் பார்க்கவில்லை. உன் அக்கா சொன்னது. அதுவும் டெலிபோனில். பாதி போடுவோம்."

பாதி போட்டாள். மெஷின் மறுபடி யோசித்தது. பிறகு அதே தீர்ப்பைச் சொன்னது. உறுதியை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொண்டது. எதிர்ப் பக்கத்தில் அத்தனை வருட இலைகள் இருந்தன. என் பக்கத்தில் ஒரு போன் பேச்சு இருந்தது. "பார், நீ சொன்னதைக் கேட்டிருக்கிறது" என்று மார்கரெட் என் தோளைத் தட்டினாள். தோட்டத்துக்கும் எழுதுவதாகச் சொன்னாள், எழுதவும் செய்தாள். அந்தக் கடிதத்துக்குப் பதில் வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்து அக்காவோடு பேசியபோது அவளுடைய குரல் இறங்கியிருந்தது.

"மலைய பிடுங்குறாங்கடா. பேரு வெட்டிட்டாங்க. இந்தியாக்காரங்க முதல்ல போகணுமாம்."

"தொரைய பாத்தீங்களா?"

"பாத்தோம். எல்லா பொம்பளைங்களும் போயி பங்களா வாசல்ல நின்னோம். 'நானா சொன்னேன்? லண்டன்ல கம்பியூட்டர் சொல்லிருக்கு'ங்கிறாரு. தொர கால்ல விழலாம். கங்காணிய நல்லா நாலு வார்த்த வையலாம். மெஷின எங்கடா போயி பாக்குறது? நீயும் அங்கிட்டுத்தான இருக்க. அந்த மெஷின் இருக்குற எடம் உனக்குத் தெரியுமா? ஒரு வார்த்த சொல்லிப் பாரேன்டா."

"தெரியும்கா. சொன்னேன்."

"என்னா சொல்லுச்சு?"

"எவ்வளவு உறுதின்னு கேட்டுச்சு."

கடையில் யாரோ சீனி கேட்கும் சத்தம் வந்தது. "அப்ப கேக்காது" என்றாள் அக்கா. போனை வைத்துவிட்டாள்.

நான் அந்தக் கோச்சியைப் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் சொன்னார்கள். ஸ்டேசனில் அக்கா அழவில்லையாம். மச்சான்தான் தகரப்பெட்டியின் மேல் தலையைப் போட்டு அழுதாராம், நான்தானே கைநாட்டு வைத்தேன், நான்தானே வைத்தேன் என்று. கோச்சி நகரும்போது பெண்கள் ஒருவரையொருவர் ஜன்னல் வழியாகப் பிடித்துக்கொண்டு விடவில்லையாம். அடுத்த ஆடியில், தமிழர்களை அடித்த கலவரத்தில் டவுன் எரிந்தது. டெலிபோன் இருந்த கடையும் போயிற்று. நல்லவேளை, உன் அக்கா அதற்கு முன்பே போய்விட்டாள் என்று இங்கே இருக்கும் நம் ஆட்கள் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். அந்த ஆறுதலை எந்தப் பக்கத்தில் வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் மெஷின் இப்போது பெரிய ஆள். ஜப்பானிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். வருகிறவர்களுக்கு மார்கரெட் முதலில் காட்டுவது அந்த மலையைத்தான், தானாகத் தீர்ப்புச் சொன்ன முதல் மலை என்பதால். அங்கே இப்போது தேயிலை இல்லை, மானாப்புல் என்று கேள்வி. எங்கள் மலை இந்த மெஷினுக்குள் மட்டும்தான் இருக்கிறது. அதுவும் சீக்கு மலையாக.

கோத்தகிரியிலிருந்து அக்கா ஒரு கேசட் அனுப்பியிருந்தாள். யாருடைய ரேடியோவையோ இரவல் வாங்கிப் பதிந்திருக்கிறாள். பின்னால் கோழி கத்துகிறது. பிள்ளைகள் பேர் சொல்லுகிறார்கள். கடைசியில் அவள் பேசுகிறாள்.

"இங்கயும் தேயிலதான்டா தம்பி. கையி அதே வேலதான். ஆனா இங்க உள்ள சாமி எது, எந்தச் செடின்னு நமக்கு என்னா தெரியும்? முத பிடிய கிள்ளிட்டு எங்க பாத்துப் பொலி சொல்றதுன்னு தெரியாம கொஞ்ச நேரம் சும்மா நிக்கிறேன். 'ஏன் சிலோன்காரி நிக்கிற'ன்னு கேக்குறாங்க. ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டுக் குனிஞ்சிக்கிறேன். நம்ம முனி அங்க ஒத்தையா நிக்கிறாரு, பாவம்."

எங்கள் தோட்டத்தில் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் பெரிய சக்கரத்தின் பக்கத்தில் ரோதை முனி இருப்பார். கும்பிடாமல் யாரும் சக்கரத்தை ஓடவிட மாட்டார்கள். கும்பிடாதவனின் கையை அது வாங்கிவிடும் என்ற பயம். இங்கே அப்படி எதுவும் இல்லை, சுவிட்சைப் போட்டால் போதும். இன்றைக்குக் காலையில் முதல் இலையின் விவரத்தைத் தட்டினேன். கேள்வி வந்து நின்றது. விரலை எடுத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன்.

"எதற்காகக் காத்திருக்கிறாய்?" என்று மார்கரெட் பின்னாலிருந்து கேட்டாள்.

ஒன்றுமில்லை என்றேன். பொலியோ பொலி என்று வாய்க்குள் சொல்லிவிட்டு, ஓர் எண்ணைப் போட்டேன்.