பாய்லருக்கு நான் போட்ட கூரை

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில், எங்கள் வீட்டு பாத்ரூம் கதவை உதைத்து உடைத்தேன்.

அறுபத்து மூன்று வயதில் ஒரு கதவை உடைக்க வேண்டி வரும் என்று நினைத்ததே இல்லை. உள்ளே என் மனைவி வசந்தா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் பாதி திறந்திருந்தது. குழாயிலிருந்து வெந்நீர் கொட்டிக்கொண்டிருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வாரம் யோசித்தேன். எழுதச் சொன்னது வசந்தாதான். “எழுதுங்க. யார் மேல தப்புன்னும் சேத்து எழுதுங்க.”

சரி... முதலிலிருந்தே சொல்கிறேன்.

எங்கள் வீடு அரியலூரில், கீழப்பழுவூர் போகிற சாலையில் இருக்கிறது. வசந்தாவுக்கு மூட்டுவலி. பச்சைத் தண்ணீரில் குளித்தால் அன்று முழுக்க நடக்க முடியாது. கரண்ட் ஹீட்டர் இருக்கிறது. ஆனால் எங்கள் தெரு வோல்டேஜுக்கு அதில் வெதுவெதுப்பான தண்ணீர் வருவதே பெரிய விஷயம். ஜெயங்கொண்டம் பக்கத்தில் அவள் தம்பிக்கு முந்திரித் தோப்பு. கவாத்து செய்த கிளைகள் வேண்டிய மட்டும் கிடைக்கும். அப்புறமென்ன யோசனை? விறகு பாய்லர் வாங்கிவிட்டோம்.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆள் உயரச் சிலிண்டர். அடியில் விறகு வைக்கும் வாய், நடுவில் மேலே போகும் புகைக்குழாய், அதைச் சுற்றித் தண்ணீர். பெரம்பலூரிலிருந்து வந்து மாட்டிக் கொடுத்தவர் அந்தோணி. வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். வீட்டுக்குப் பின்னால், பாத்ரூம் சுவருக்கு அந்தப் பக்கம், திறந்தவெளியில் சிமெண்ட் மேடை போட்டு பாய்லரை நிறுத்தினார். புகைக்குழாயை மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலே நேராகக் கொண்டுபோனார். கிளம்பும்போது எனக்குப் பத்து நிமிடம் பாடம் எடுத்தார். நான் போனில் பேசிக்கொண்டிருந்தேன்.

“சார், மத்தத மறந்தாலும் இத மட்டும் மறந்துராதீங்க. இந்த எடத்த மூடாதீங்க. புகைக்குழாய்ல கை வைக்காதீங்க.”

காதிலிருந்து போனை எடுக்காமலே தலையாட்டினேன்.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது. விறகும் நனைந்தது, பற்றவைக்கப் போன நானும் நனைந்தேன். ஆள் வைத்து, பாய்லரைச் சுற்றித் தகரம் அடித்தேன், மேலே ஷீட் போட்டேன், முன்னால் ஒரு கதவும் வைத்தேன். ஒரே ஒரு சிக்கல். ஷீட்டுக்குக் குறுக்கே புகைக்குழாய் நின்றது.

“ஓட்டை போட்டு உடலாம் சார், ஆனா மழைக்கு ஒழுகும்” என்றார் ஷீட் போட வந்தவர்.

“அப்ப ஷீட்டுக்குக் கீழயே குழாய வெட்டிடுங்க” என்றேன்.

சொன்னது நான்தான். வேறு யாரும் இல்லை.

புகை இண்டு இடுக்கில் போய்விடும் என்று என் கணக்கு. பாத்ரூம் ஜன்னல் அந்தத் தகரக் கொட்டகைக்குள்தான் திறக்கிறது என்பது கண்ணில் பட்டது, மனதில் படவில்லை. இதில் எனக்கு இன்னொரு புத்திசாலித்தனம் வேறு! விறகு எரிந்து கங்கானதும் அடுப்பு வாயை இறுக்கி மூடிவிடுவேன். சூடு வெகுநேரம் நிற்குமே!

அடுத்த வாரமே வசந்தா குளித்துவிட்டு வந்ததும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள். “ஈரத்தலையோட நின்னா அப்படித்தான்” என்று மாத்திரை கொடுத்தேன். ஒருநாள் வாந்தி எடுத்தாள். பித்தம் என்றேன். நான் சொன்ன வைத்தியத்தை அவளும் நம்பினாள்.

அந்த வெள்ளிக்கிழமை நான் முன்னறையில் உட்கார்ந்து, நீங்கள் வாரா வாரம் படிக்கிற இந்தப் பத்தியை எழுதிக்கொண்டிருந்தேன்.

“என்னங்க...” என்று ஒரு குரல் கேட்டது.

“இதோ வரேன்” என்றேன்.

துண்டு கேட்கிறாளாக்கும் என்று நினைத்தேன். இந்தப் பாராவை முடித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்திருந்தேன். ஒரு பாரா இரண்டாயிற்று. என்னை எழுப்பியது இரண்டாவது அழைப்பு அல்ல. அப்படி ஒன்று வரவே இல்லை. வாளி நிரம்பி வழிகிற சத்தம்தான் எழுப்பியது. தண்ணீரை வீணாக்குகிறவள் இல்லை வசந்தா. கதவைத் தட்டினேன். பிறகு இடித்தேன். பிறகு உதைத்தேன்.

அவளை வெளியே இழுத்துப் போடுவதற்குள் எனக்கே தலை சுற்றியது. ஒரு புடவையைச் சுற்றிவிட்டு, பக்கத்து வீட்டு ரஹீம் பாயைக் கூவி அழைத்தேன். என்ன, ஏது என்று அவர் கேட்கவில்லை. காரை எடுத்தார். “கண்ணாடி எல்லாத்தயும் எறக்குங்க, காத்து படட்டும்” என்றார். ஆஸ்பத்திரி வரைக்கும் அவர் வாயில் வந்தது “யா அல்லாஹ்” மட்டும்தான்.

டாக்டர் இளம்பெண். வசந்தாவின் விரலில் மாட்டிய கருவி, ஆக்சிஜன் நன்றாக இருப்பதாகக் காட்டியது. எனக்கு உயிர் வந்தது.

“அத நம்பாதீங்க சார்” என்றார் டாக்டர். “வீட்ல என்ன எரிச்சீங்க?”

“விறகு பாய்லர் டாக்டர். ஆனா புகையே இல்லீங்க. வெறும் கங்குதான்.”

“புகை இருந்தா இருமிக்கிட்டு வெளிய வந்திருப்பாங்க. மூடி வச்ச கங்குலேர்ந்து வர்ற கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனையும் இல்ல, நெறமும் இல்ல. அது ரத்தத்துல ஏறிட்டா, அதுக்கும் ஆக்சிஜனுக்கும் இந்தக் கருவிக்கு வித்தியாசம் தெரியாது. ரத்தம் எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்.”

அதற்குள் முகமூடி போட்டு முழு ஆக்சிஜன் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். உட்காருங்கள் என்று யாரோ சொன்னார்கள். உட்கார முடியவில்லை.

மதியத்துக்கு மேல் கண் விழித்தாள். என்னை அடையாளம் தெரிந்தது. முகமூடியைக் கொஞ்சம் விலக்கினாள்.

“கூப்புட்டேனே...” என்றாள். பிறகு, “வரேன்னீங்க.”

குற்றம் சாட்டவில்லை. நடந்ததைத்தான் சொன்னாள். கால் நகராமல், கை தாழ்ப்பாளுக்கு எட்டாமல், நான் வருவேன் என்று காத்திருந்திருக்கிறாள். இத்தனை வருடமாக வாரா வாரம் உங்களுக்குப் புத்தி சொல்கிறவன் நான். விலகியிருந்த முகமூடியை அவள் முகத்தில் சரியாக வைத்துவிட்டேன்.

நான்கு நாளில் வீடு திரும்பினோம். கொஞ்ச நாள் பேச்சுக்கு நடுவே சொல் மறந்து தடுமாறினாள். இப்போது இல்லை. பாய்லரைக் காயலான் கடையில் போடப் போகிறேன் என்றேன்.

“பாய்லர் என்னங்க பண்ணுச்சு? அந்தோணியக் கூப்புடுங்க” என்றாள்.

வந்தார். கொட்டகையைப் பார்த்தார். வெட்டிய குழாயைக் கையால் தடவினார்.

“நான் வச்சுட்டுப் போனது இது இல்லையே சார்...”

“திட்டிடுப்பா” என்றேன்.

“திட்டி என்ன சார் ஆவப்போவுது? அக்காவ வரச் சொல்லுங்க. அன்னிக்கு அவங்ககிட்டதான் சொல்லிருக்கணும். என் தப்பும் இருக்கு.”

தகரத்தையும் ஷீட்டையும் பிரித்துப் போட்டார். புதுக்குழாயை மறுபடி மாடிக்கு மேலே ஏற்றி, உச்சியில் மழைத்தொப்பி ஒன்று மாட்டினார். பாத்ரூமின் பழைய ஜன்னலைச் செங்கல் வைத்து அடைக்கச் செய்து, எதிர்ச்சுவரில் வேறு ஜன்னல் வைக்கச் சொன்னார். வசந்தா நாற்காலி போட்டுக்கொண்டு, நான் ஒருநாளும் கேட்காததையெல்லாம் கேட்டாள்.

“தொட்டில தண்ணி இல்லன்னா?”

“அடுப்பே எரியக்கூடாதுக்கா. மொதல்ல கொழாயத் தொறந்து பாருங்க, தண்ணி வந்தாத்தான் தீப்பெட்டிய எடுக்கணும்.”

“மேல இந்தச் சின்னக் கொழாய்?”

“ஆவி போற வழி. சொட்டுதேன்னு யாராச்சும் அடைச்சா பாய்லர் வெடிச்சுரும். மாசத்துக்கு ஒருவாட்டி புகைக்குழாய்ல கரி தட்டணும். ஈர வெறகு வேணாம். கங்க மூடி வச்சு சூட்ட மிச்சம் பண்றதும் வேணாம்க்கா.”

கடைசி வரியைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் இருந்தார். பெரிய மனிதர்.

“அப்ப மழ பேஞ்சா?” என்றேன்.

“நனைங்க” என்றாள் வசந்தா.

நனைகிறேன். நேற்றுகூட நனைந்தேன். குடையைப் பிடித்துக்கொண்டு அடுப்பு முன்னால் குந்தியிருக்கும்போது தோன்றியது... மாட்ட வருகிற ஆள் சொல்லும் விதிகளை, அவர் பிழைப்புக்காகச் சொல்வதாக நினைத்துக்கொள்கிறோம். அவை நம் வீட்டு ஆட்கள் உயிரோடு இருப்பதற்கானவை. நமக்கு நனையாமல் இருக்க வேண்டும், சூடு மிச்சமாக வேண்டும், போன் பேச்சு அறுபடக்கூடாது. இந்த மூன்று சௌகரியத்துக்காக நான் என்ன கொடுக்க இருந்தேன்?

உங்கள் வீட்டு பாய்லர் எந்த ஜன்னலுக்குக் கீழே இருக்கிறது? எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். இந்தப் பத்தி எங்கும் ஓடிவிடாது.