மாலதி அக்காவின் இடது கை

பிரிக்பீல்ட்ஸ் பிசியோதெரபி நிலையத்தில், முழங்காலில் ஐஸ் பையோடு நான் படுத்திருந்தபோது மாலதி அக்காவின் தம்பி கிள்ளானிலிருந்து அழைத்தார். "அக்கா போயிட்டாங்க வாணி."

"எங்க விழுந்தாங்க?" என்றுதான் கேட்டேன்.

"விழல. வீட்டு சோபாவுல உக்காந்திருந்தாங்க. ஹார்ட் அட்டாக்."

காட்டுப் பாதையில் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டும் எங்களுக்கு விழுந்துதான் சாவு வரும் என்று நம்பியிருந்தேன். அக்காவுக்கு நாற்பத்தாறு வயது.

அவரோடு ரவாங் செம்பனை எண்ணெய்த் தோட்டச் சேற்றில் வண்டியோடு புரண்டவர்களுக்கு நான் புதிதாக என்ன சொல்ல? ஒரு முறை கல்யாணத்துக்கு ரவிக்கை தைக்கப் போனோம். பந்தயத்தில் விழுந்து வாங்கிய தோள்பட்டைத் தழும்பைப் பார்த்த தையல்கார அம்மா, "கழுத்த ஏத்தித் தைக்கவா? வெளிய தெரியாது" என்றார். "ஏன் மறைக்கணும்? கஷ்டப்பட்டு வாங்கினது லா. இன்னும் எறக்கியே தைங்க!" என்றார் அக்கா. கடையே சிரித்தது. காரில் ஏறியதும் அக்கா சிரிக்காமல் சொன்னார்: "ஆபீஸ்ல உக்காந்திருக்கறது யாரோ, வாணி. ஒடம்பு வலிச்சாதான் இது நான்னு தெரியுது."

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் விழுந்தாலும் "மோட்டர் ஓகேவா?" என்று வண்டியைப் பற்றிக் கேட்டபடிதான் ஓடுவோம். வண்டியைக் கழுவி முடிக்கும்வரை உடம்பைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. விலா எலும்பு விரிசல் விட்ட நிலையிலும் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு வண்டி கழுவியதைப் பார்த்திருக்கிறேன். பெருமையாகப் பார்த்தேன். இப்போது வெட்கமாக இருக்கிறது.

கடைசி ஞாயிறன்று வண்டியைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே அக்கா இடது கையை உதறினார். "இறுகுது வாணி. தோள் வரைக்கும். மூச்சு வேற வாங்குது. கிளினிக் போகட்டா?"

ஹேண்டலைப் பிடித்துப் பிடித்து முன்கை கல்லாகிப் போவது எங்களுக்குச் சாதாரணம். "ஆர்ம் பம்ப்தான் அக்கா. வெரல விரிச்சு விரிச்சு மூடுங்க, சரியாயிடும் லா" என்றேன். அந்த இறுக்கம் தோளுக்கு ஏறாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் என் வண்டிச் சங்கிலியில் சிக்கிய மண்ணைக் குத்தி எடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா விரலை விரித்து மூடினார். செவ்வாய்க்கிழமை அவர் இல்லை.

கருமாதி முடிந்துவிட்டது. எல்லாரும் அவருடைய துணிச்சலைப் பேசுகிறார்கள். கேட்கக் கேட்கக் களைப்பாக இருக்கிறது. வலியைப் பொருட்படுத்தாமல் இத்தனை வருடம் ஓட்டியவர், ஒரே ஒரு நாள் தன் உடம்பு சொன்னதைக் காதில் வாங்கி என்னிடம் வந்து கேட்டார். பிறகு அதை விட்டுவிட்டு என் பேச்சை நம்பினார். அவர் என்னிடம் விட்டுப் போனது அந்த நம்பிக்கைதான். அதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை.