தலைச்சுமைக்காரிகளும் ஒரு ரயில்வே கேட்டும்

பதிவான வீடியோவில் போகிறவர் வருகிறவரை மென்பொருளை விட்டு எண்ண வைப்பது என் தொழில். எண்ணுவது அது, ஏச்சு வாங்குவது நான். கம்ப்யூட்டர் சொன்னதற்கெல்லாம் பதில் சொல்லி நொந்துபோன சகாக்களே, உங்களுக்கு என் பாடு புரியும்.

வாசல் பொம்மை

தஞ்சாவூரில் ஒரு ஜவுளிக்கடை. கேமராப் படத்தில் வாசலுக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டுவிடுவோம். அதைத் தாண்டும் தலைகளை மென்பொருள் எண்ணும். ஆடிக் காற்றில் வாசலில் நின்ற புடவை கட்டிய பொம்மை முன்னும் பின்னும் ஆடி, கோட்டைத் தாண்டித் தாண்டி அன்றைக்கு நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களாகிவிட்டது. பதறிப்போய் கடை மேனேஜரிடம் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அத எடுத்துறாதீங்க தம்பி. கூட்டம் கூடிருச்சுன்னு மொதலாளி சந்தோஷமா இருக்காரு."

கேமரா கட்டிய அன்று

நீடாமங்கலம் பக்கம் ஒரு சின்ன ரயில்வே கேட். ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் தெருவும் நாற்றங்காலும், அந்தப் பக்கம் வயலும் பள்ளிக்கூடமும். ஆள் நடமாட்டம் குறைவாக இருந்தால் கேட்டை நிரந்தரமாக மூடிவிடுவதாகப் பேச்சு. மூடினால் மூன்று கிலோமீட்டர் சுற்ற வேண்டும். வழியில் இருக்கும் சுரங்கப்பாதையில் மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். எத்தனை பேர் கடக்கிறார்கள் என்று மூன்று நாள் வீடியோ எடுத்து எண்ணித் தரும் வேலை எங்களுக்கு வந்தது.

நடவு சமயம். கேமராவைக் கட்டிக்கொண்டிருந்தபோது செல்வி என்ற பெண் வந்து விசாரித்தார். நடவு ஆட்களைச் சேர்த்து அழைத்துப்போகிறவர் அவர்தான். கடக்கிறவர்கள் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று சொன்னேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். அவர் உடனே தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

"யாரும் ஒண்ணு ரெண்டாப் போவாதீங்கடி. நாத்துக்கட்டோட எல்லாரும் சேந்து ஒரே கூட்டமாப் போவோம், நாம எத்தனை பேருன்னு தெரியட்டும்."

ஏழு

சொன்னபடியே செய்தார்கள். மூன்று நாளும் காலையில் தலையில் நாற்றுக்கட்டு, தோளோடு தோள் உரச, ஊர்வலம் மாதிரி கடந்தார்கள். முதல் நாள் வீடியோவை நிறுத்தி நிறுத்தி விரல் விட்டு எண்ணினேன். முப்பத்து நான்கு பேர். மென்பொருள் சொன்னது ஏழு. அது தலையைத் தேடுகிற மென்பொருள். கட்டுக்கு அடியில் இருந்த தலை அதற்குத் தலையாகவே படவில்லை. ஒட்டி நடந்தவர்களை வேறு ஒரே ஆளாகச் சேர்த்துவிட்டது.

மூன்று நாள் வீடியோவையும் கையால் எண்ணி எழுதி எங்கள் மேலாளரிடம் கொண்டுபோனேன். தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நீங்க எண்ணுனா அது உங்க அபிப்பிராயம். மிஷின் எண்ணுனாத்தான் சார் அது ரிப்போர்ட்."

மிஷின் எண்ணியதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். போடாமல் இருந்திருக்கலாம்.

இரண்டாவது வீடியோ

கேட்டை மூடி, இரண்டு பக்கமும் தண்டவாளத் துண்டுகளை நட்டு, குறுக்கே கம்பி அடித்துவிட்டார்கள். அடுத்த நடவுக்கு அதே இடத்திலிருந்து இன்னொரு வீடியோ வந்தது. இந்த முறை எண்ணச் சொன்னது கம்பி தாண்டிப் பாதையில் இறங்குகிறவர்களை, பிடித்து வழக்குப் போடுவதற்காக. நாற்று டிராக்டரில் சுற்றிப் போய்விட்டது. பெண்கள் வெறுங்கையோடு, வெறுந்தலையோடு, ஒவ்வொருவராக ஏறிக் குதித்தார்கள். மென்பொருள் எண்ணியதை நானும் கையால் எண்ணிப் பார்த்தேன். ஒரு ஆள் கூடக் குறையவில்லை.

கேமராவைக் கழற்றப் போனபோது செல்வி வீட்டு வாசலில் காலில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார். ரயில் சத்தம் கேட்டு அவசரமாகக் கம்பி மேலிருந்து குதித்ததில் எலும்பு முறிந்துவிட்டதாம். அந்த வருஷ நடவு அவருக்கு இல்லை. மறைக்க மனம் வரவில்லை. அன்றைக்கு ஏழு என்று வந்ததையும், இப்போது எல்லாரும் கணக்கில் வந்ததையும், இரண்டிலும் நான் கையெழுத்துப் போட்டதையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. என்னை நிமிர்ந்து பார்த்து நிதானமாகக் கேட்டார்.

"சொமையோட போனப்ப தெரியாத தலை, குத்தமுன்னு ஆனவொடனே தெரிஞ்சிருச்சா தம்பி?"

எங்கள் மென்பொருள் ஒரு தலையைக்கூட விடாது என்று அந்த இரண்டாவது வீடியோவைப் போட்டுக் காட்டித்தான் இப்போது புது வாடிக்கையாளர்களைப் பிடிக்கிறோம், அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.