நிக்கனோரின் நாக்கு

கற்றாழைச் சாராயமான மெஸ்காலை நாணல் குழலால் உறிஞ்சி எடுத்து, சுரைக்குடுவைக்குள் பீச்சினார் நிக்கனோர். மேலே முத்து முத்தாக நுரை கட்டி, உடையாமல் நின்றது. அப்படி நின்றால் காரம் சரி. மண்ணுக்குப் படையலாகச் சில சொட்டு விட்டார். உள்ளங்கையில் தேய்த்து மோந்தார். ஒரு வாய் குடித்தார்.

"நல்லா வந்திருக்கு மச்சான். கல்யாணத்துக்குத் தாராளமா ஊத்து."

மச்சான் என்றது, தன் கொட்டகையில் அதைக் காய்ச்சிய இலாரியோவை; மனைவி பசிலிசாவின் தம்பி. சனிக்கிழமை அவன் மகளுக்குக் கல்யாணம். அந்த மலையூரில் நிக்கனோர் ருசி பார்த்துச் சொல்லாமல் யாரும் விருந்துக்கு மெஸ்கால் ஊற்றமாட்டார்கள்.

ஆனால் தள்ளி நின்ற பசிலிசாவுக்கே மூக்கில் ஏறியது, கொப்பரை அடிப்பிடித்த வாடை. இலாரியோவுக்கும் தெரிந்தது, வேலையாட்களுக்கும் தெரிந்தது. பெரியவர் முகத்துக்கு நேரே தப்பு என்று சொல்வது அங்கே வழக்கமில்லை. இலாரியோ மிச்சத்தைக் குடித்துவிட்டு, பிரமாதம் என்று புகழ்ந்தான்.

அவருக்கு மட்டும் அது தெரியாமல் போன காரணம் பசிலிசாவுக்குத் தெரியும். பிப்ரவரியில் காய்ச்சல் விட்ட பிறகு அவள் கொடுத்த கசப்புக் கஷாயத்தை அவர் காப்பி மாதிரிக் குடித்தார். தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டாள். இனி விட முடியாது. கல்யாணத்துக்கு வருகிற ஊரெல்லாம் அதைக் குடித்துவிட்டு அவர் பேரைத்தான் சொல்லும்.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். "அது அடிப்பிடிச்ச சரக்கு. உங்களுக்கு வாசனையும் போச்சு, ருசியும் போச்சு."

அவர் கோபப்படவில்லை. "எப்பலேருந்து தெரியும்?"

"காய்ச்சல் விட்டதிலேருந்து."

"அப்ப ஏன்டி வாயத் திறக்கல?"

"நீங்க திறந்தீங்களா?"

"முத்து கண்ணுக்குத் தெரியுது. மிச்சத்த சுத்தி நிக்கிறவங்க மூஞ்சியப் பார்த்துச் சொல்லிக்கிட்டிருந்தேன். இன்னிக்கு எல்லாருமா மூஞ்சிய மறைச்சுக்கிட்டாங்க."

அழுதார். பசிலிசா ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துவிட்டுப் படுக்க வைத்தாள்.

மறுநாள் காலை நிக்கனோர் தானே இலாரியோவின் கொட்டகைக்குப் போனார். வேலையாட்கள் எல்லாரும் இருக்கும்போதே, சரக்கு அடிப்பிடித்தது, விருந்தில் ஊற்றாதே என்றார். இனி ருசி பார்க்கக் கீழூர் தெல்பினாவிடம் கொண்டுபோகச் சொன்னார். அதெல்லாம் ஒன்றுமில்லை மச்சான் என்று இலாரியோ ஆரம்பித்தான். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு வீட்டுக்கு வந்து, பசிலிசா வைத்த கறுப்பு அவரையைச் சாப்பிட்டுவிட்டு, கற்றாழைக்குக் களை எடுக்கப் போனார்.