இருபத்து மூன்று கோடுகள்

எதையும் வரிசைப்படுத்திச் சொல்வது அக்காவின் பழக்கம். தங்கையைப் பற்றிக் கேட்டால், அவள் ஜெயித்தவற்றில்தான் தொடங்குவாள். ஆறு வயதுக் காய்ச்சலில் இடது காது போய், பள்ளிக்கூடம் வீட்டுக்கு அனுப்பிவிட்டவள், முப்பத்தொரு வயதில் எழுத்துக் கூட்டிப் படித்தாள். சலவை ஆலையில் ஆண்களே அதிகம் நின்ற நீராவி இஸ்திரி மேசையில் இடம் பிடித்தாள். ஞாயிறு வகுப்பில் சேர்ந்து ஆங்கில இலக்கணத்தையும் விடவில்லை. அக்கா எட்டாவதோடு நின்றவள். டீச்சர் சொல்வது காதில் விழாவிட்டால் எழுதிக் காட்ட, அவளும் கூடவே போய் உட்கார்ந்தாள்.

தொகுதிப் பெயர்கள் பாடம் தங்கைக்குப் பிடித்துப்போனது. டீம், ஃபேமிலி, ஸ்டாஃப்: பலர் சேர்ந்து ஒரே சொல். ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில், அதற்குள் இருப்பவர்களை எழுதிவைத்தாள். ஃபேமிலிக்குக் கீழே 'அக்கா, நான்'. ஸ்டாஃபுக்குக் கீழே மேஸ்திரி அண்ணன், குண்டக்கா, ஒல்லி என்று, தன்னையும் சேர்த்து இஸ்திரிப் பிரிவின் இருபத்து மூன்று பேரும்.

"பஸ் கண்டக்டர் மாதிரி ஏன்டி தலையை எண்ணுற? ஒரே வார்த்தையில அடங்கத்தானே இந்தப் பாடம்?"

"உள்ள யாரு இருக்காங்கன்னு தெரியணும்ல அக்கா. காலி டப்பாவுக்கு லேபிள் ஒட்டுவாங்களா?"

நான்காம் மேசைக்கு மேலே நீராவிக் குழாய் கசிந்து, ஒல்லியின் இடது கை முழங்கை வரை வெந்தது. ஆலை அலுவலகம் வாய்வார்த்தையை வாங்காது. புகார் ஆங்கிலத்தில், கையெழுத்தோடு வரவேண்டும். சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் தங்கையைச் சூழ்ந்துகொண்டார்கள். நீ எழுது, நாங்கள் இருக்கிறோம் என்றார்கள்.

இருபத்து மூன்று பெயர்களோடு கடிதத்தைத் தொடங்கத்தான் அவள் நினைத்தாள். அக்காதான் தடுத்தாள். "ஸ்டாஃப்னு ஒரே வார்த்தை போடு. மரியாதையா இருக்கும்." அதைச் சொன்ன தன் வாயை அக்கா இன்றுவரை மன்னிக்கவில்லை. கீழே அளவுகோல் வைத்து இருபத்து மூன்று கோடுகள் போட்டுக் கொடுத்தவளும் அவள்தான்.

பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவள் என்பதால், தங்கை கடைசிக் கோட்டை எடுத்துக்கொண்டாள். ஆலைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே 'ரேகை' என்று எழுதியிருந்ததால், எழுதக் கற்ற பிறகும் சம்பளத்துக்குக் கட்டைவிரல்தான் உருட்டிவந்தாள். இதற்காகப் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் ஒரு வாரம் கையெழுத்துப் பழகியிருந்தாள். வேலைக்குக் கிளம்பும் முன், அக்கா பார்த்துக்கொண்டிருக்க, கையெழுத்துப் போட்டாள்.

தாள் மேசை மேசையாகப் போனது. மேஸ்திரி அண்ணன் கண்ணாடியை மறந்து வந்திருந்தார். மூத்தவர் போடட்டும், பிறகு போடுகிறேன் என்றாள் குண்டக்கா. கையில் கட்டுப் போட்டிருக்கிறதே என்றாள் ஒல்லி. கட்டு இடது கையில். அவள் வலது கைக்காரி. சாயங்காலம் இருபத்திரண்டு கோடுகளும் வெறுமையாகத் திரும்பி வந்தன.

கிழித்துப் போடச் சொன்னாள் அக்கா.

"நாளைக்கு இன்னொருத்தி கை வேகும் அக்கா," என்றாள் தங்கை. மறுநாள் ஒரு நகல் எடுத்துவைத்துவிட்டு, தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மேனேஜர் தாளோடு இஸ்திரிக்கூடத்து வாசலுக்கே வந்தார். "ஸ்டாஃப்னு போட்டிருக்கே. எங்கேம்மா ஸ்டாஃப்?"

காதில் சரியாக விழவில்லை என்று நினைத்துத் தங்கை முகத்தைத் திருப்பி வலது காதைக் கொடுத்தாள். அப்போதுதான் கூடம் முழுக்கக் கண்ணில் பட்டது. இருபத்திரண்டு தலைகளும் துணியைப் பார்த்துக் குனிந்திருந்தன.

அன்றோடு வேலை போனது. குழாயைக் கந்தலால் கட்டி வைத்திருக்கிறார்களாம். அதன் கீழே மறுபடியும் ஒல்லிதான் நிற்கிறாளாம்.

தங்கை இப்போது ஞாயிறு வகுப்புக்குப் போவதில்லை. நோட்டில் ஸ்டாஃபுக்குக் கீழே ஒரு பெயரைக்கூட அடிக்கவும் இல்லை. அக்கா பேச வந்தால் நல்ல காதைத் தலையணையில் அழுத்திப் படுத்துக்கொள்கிறாள்.

அந்தத் தாளின் நகல் அக்காவிடம் இருக்கிறது. மடிப்பு விழாமல் அட்டைக்குள் வைத்திருக்கிறாள். எடுத்தால் வெறும் கோடுகளை விரலால் ஒவ்வொன்றாகத் தாண்டி, கடைசிக் கோட்டுக்கு வருவாள். எழுத்து கொஞ்சம் மேல்நோக்கி ஏறியிருக்கும். பக்கத்தில், அதே கையெழுத்தில், தேதி: 17 ஜூன் 2019.