என் பேருக்கு நான் போட்ட களிம்பு

கல்யாணமான நாளிலிருந்து என் கணவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இந்தா" என்பார். கொஞ்சம் தூரத்தில் இருந்தால் "ஏ, இந்தா" என்பார். அப்பேர்ப்பட்ட மனுஷர் போன குறுவையில், நடவுக்கு ஆள் சொல்லியிருக்கிற நேரத்தில், தஞ்சாவூருக்குப் போய் நெஞ்சில் என் பேரைப் பச்சை குத்திக்கொண்டு வந்தார். கூடத்தில் நின்று சட்டையைத் திறந்து காட்டினார். மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளுக்குள் ரத்தமும் மையும் கலந்து கசிந்துகொண்டிருந்தது. அதற்கு அடியில் கொட்டை எழுத்தில் நான்.

"இப்ப திருப்தியா?" என்று கேட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பேரை நான் அவர் நெஞ்சிலா கேட்டேன்?

எங்கள் வயலை ஒட்டி மூன்று மா நிலம் விலைக்கு வந்திருந்தது. என் அம்மா வீட்டில் போட்ட நகைகளை விற்றுத்தான் வாங்கினோம். அதனால் என் பேரிலேயே எழுதிவிடலாம் என்று அவரே சொன்னார், நான் வாய் திறப்பதற்கு முன்பே. பதிவு அன்று "நீ எதுக்கு வெயில்ல அலையணும்" என்று என்னை வீட்டில் விட்டுவிட்டுப் போனவர், சாயங்காலம் அல்வாப் பொட்டலத்தோடு திரும்பினார். பத்திரம் அவர் பேரில் இருந்தது.

"ஒன் ஆதார்ல இன்னும் ஒங்க அப்பா வீட்டு அட்ரஸ்தான் இருக்கு. அதுக்காக நல்ல நாளைத் தள்ளிப்போட முடியுமா? ஒன் பேரு, என் பேருன்னு இதுல என்ன இருக்கு?"

ஒன்றும் இல்லையென்றால் என் பேரில் எழுதியிருக்கலாமே. அன்றிலிருந்து அவரோடு நான் பேசுவதில்லை. சோறு வைப்பேன், துணி துவைப்பேன், வாயை மட்டும் திறக்கமாட்டேன். நிலத்தை என் பேருக்கு மாற்றி ஒரு செட்டில்மென்ட் பத்திரம் எழுதிக் கொடுத்தால் தீர்கிற விஷயம். அதை விட்டுவிட்டு இப்படியொரு வேலையைச் செய்துவிட்டு வந்து திருப்தியா என்று கேட்கிறார்.

பச்சை குத்திய கடைக்காரர் வாட்ஸப்பில் பேசி அனுப்பியிருந்தார். காலையும் சாயங்காலமும் வாசனையில்லாத சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தேய்க்கக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும். களிம்பைப் பட்டும் படாமலும் தடவ வேண்டும். சொறியக் கூடாது, பொருக்கைப் பிய்க்கக் கூடாது. வெயில் ஆகாது. வாய்க்கால் தண்ணீரும் வயல் சேறும் ஆகவே ஆகாது. என் கணவர் அதை எனக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகப் போட்டுவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து நெஞ்சை நீட்டினார். குனிந்தால் அவருக்குச் சரியாகத் தெரியவில்லையாம்.

கோபம் இருந்தாலும் பச்சைப் புண்ணை எப்படி விடுவது? சீழ் வைத்தால் அதற்கும் நான்தானே ஓட வேண்டும். என் பேருக்கு நானே சோப்புப் போட்டேன். நானே ஒற்றினேன். நானே களிம்பு தடவினேன். படுக்கை விரிப்பிலும் பனியனிலும் பட்ட கறுப்புக் கறையையும் நானே அலசினேன். "பெத்தவ பேரு நெஞ்சுல ஏறல பாரு" என்று நொடித்துக்கொண்டே மாமியார் மஞ்சளை அரைத்து எடுத்து வந்தார். அதைத் தடவவிடாமல் தடுத்ததற்கு எனக்குத்தான் திட்டு விழுந்தது.

இதெல்லாம் கூடப் போகட்டும். சேறு படக் கூடாது என்றால் வயலுக்கு யார் போவது? நாற்றுக்கட்டு எடுத்துக் கொடுத்தது, நடவு ஆட்களுக்கு டீ கொண்டுபோனது, எங்கள் முறைக்குத் தண்ணீர் வந்தபோது மண்வெட்டியோடு போய் மடையைத் திறந்தது எல்லாம் நான். என் நகை போன நிலத்தில், என் பேர் இல்லாத நிலத்தில், முட்டிவரை சேற்றில் நின்றேன். என் பேர் வீட்டில் ஃபேனுக்கு அடியில் காய்ந்துகொண்டிருந்தது.

நட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா நிமிர்ந்து, "நெஞ்சுல எழுதி வச்சிருக்காராமே ஒம் புருசன். நீ குடுத்து வச்சவடி" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த நாற்றுமுடியை வீசிய வீச்சில், சேறு அவர் முகம்வரை தெறித்தது. அவர் அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்.

புண் காய்ந்து தோல் உரிய ஆரம்பித்ததும் அவருக்கு அரிப்புத் தாங்கவில்லை. நான் வயலில் இருந்த நேரமாகப் பார்த்துச் சொறிந்திருக்கிறார். பொருக்கு பிய்ந்து என் பேரின் முதல் எழுத்து வெளிறிப்போனது. அதைப் பார்த்து அவர் பட்ட வருத்தம் கொஞ்சநஞ்சமல்ல. பொருளைப் பறிகொடுத்தவர் மாதிரி கண்ணாடி முன்னாலேயே நின்றார். மறுபடி மை ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று ஒரு நாள் காலையில் தஞ்சாவூருக்கு பஸ் ஏறினார்.

அந்த பஸ் பத்திரப்பதிவு ஆபீஸைத் தாண்டித்தான் போகும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்றைக்கு முழுக்க எனக்கு ஒரு நப்பாசை இருந்தது. இறங்குவாரா, விசாரித்துக்கொண்டாவது வருவாரா என்று தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மடையை அடைப்பதற்குள் அவர் பஸ்ஸைவிட்டு இறங்கி நடந்து போவது தெரிந்தது. வேலையை அப்படியே விட்டுவிட்டு, மண்வெட்டியோடு வீட்டுக்கு விரைந்தேன். வாசலில் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். கையில் பேப்பர் எதுவும் இல்லை. நெஞ்சில் புது பிளாஸ்டிக் தாள். முதல் எழுத்து கன்னங்கரேலென்று இருந்தது.

"இந்தா" என்று களிம்பை நீட்டினார். "திரும்பவும் தண்ணி படக் கூடாதாம். கொஞ்ச நாளைக்கு வயலை நீயே பாத்துக்க."

பதிவு நாளுக்குப் பிறகு அப்போதுதான் அவரிடம் வாயைத் திறந்தேன். களிம்பை வாங்கவில்லை. மண்வெட்டியை அவர் கையில் திணித்தேன்.

"மடை தொறந்து கெடக்கு. ஒங்க பேருல இருக்குற நெலம், நீங்களே போயி அடைங்க. என் பேரு நனைஞ்சா நனையட்டும்."